ஓர் உடலில் எத்தனை ‘நான்’?

பல ஆளுமைக் கோளாறு என்று தமிழில் அறியப்படும் மனநோய், மருத்துவ நூல்களில் 1994 முதல் ‘டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்’ என்ற பெயரில் இடம்பெறுகிறது. ஒருவருக்குள் இரண்டோ அதற்கு மேலோ தனித்த ஆளுமை நிலைகள் இருக்கும். அவை மாறி மாறி அவருடைய பேச்சையும் செயலையும் கைக்கொள்ளும். சாதாரண மறதி என்று தள்ளிவிட முடியாத இடைவெளிகள் அன்றாட நினைவில் விழும். இவையே நோயின் அடிப்படை இலக்கணம். மனநோய்களை வகைப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் கையேட்டின் 2013ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு மேலும் மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: இந்த நிலையால் அவர் துன்பப்பட வேண்டும் அல்லது அவருடைய வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும், குடிபோதை, வலிப்பு போன்ற காரணங்களால் அது வந்திருக்கக் கூடாது, பரவலாக ஏற்கப்பட்ட பண்பாட்டு, சமய வழக்கத்தின் இயல்பான பகுதியாகவும் அது இருக்கக் கூடாது. சில பண்பாடுகளில் இதே ஆளுமை மாற்றம் ஆவி புகுந்ததாகவே உணரப்படலாம் என்றும் கையேடு சேர்த்துச் சொல்கிறது. ஒரு நோயின் இலக்கணத்துக்குள்ளேயே சமயத்துக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்தது தற்செயல் அல்ல. ‘நான்’ என்று சொல்வது யார், அது ஒன்றுதானா, அதன் எல்லை எது என்று சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவந்ததை இந்த நோய் மருத்துவமனை மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

நினைவும் தன்னுணர்வும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கும் மனவிலகல் (டிசோசியேஷன்) ஓரளவுக்கு எல்லாருக்கும் நேர்வதுதான். யோசனையில் மூழ்கி இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டுவிட்டு, கடந்துவந்த வழி எதுவும் மனத்தில் பதியாமல் விழிக்கும் பேருந்துப் பயணிக்கு நேர்ந்ததும் அதன் இலேசான வடிவமே. நோயாக முற்றும் வடிவத்துக்கு வேர் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. பிறக்கும் குழந்தைக்கு ஒன்றுபட்ட தன்னுணர்வு கிடையாது. பசித்த நிலை, பயந்த நிலை, விளையாடும் நிலை என்று துண்டு துண்டாக இருப்பவை, வளர்ப்பவரின் மாறாத அரவணைப்பில் பள்ளிப் பருவத்தின் தொடக்கத்துக்குள் மெல்ல மெல்ல ஒரு ‘நான்’ ஆகக் கூடுகின்றன. அரவணைக்க வேண்டிய கையே அடிக்கும் கையாகவோ அத்துமீறும் கையாகவோ ஆகிவிட்டால் இந்தக் கூடல் தடைப்படுகிறது. இரவில் தன்னை வதைத்தவரிடமே காலையில் சோறு வாங்கித் தின்றாக வேண்டிய குழந்தை, இரவில் நடந்ததைத் தனக்கு நடந்ததாக வைத்துக்கொண்டு உயிர்வாழ முடியாது. அது வேறு யாருக்கோ நடந்தது என்று ஆக்கிக்கொள்வதே அதற்குத் திறந்திருக்கும் ஒரே வழி. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் இந்நோயாளிகளில் சுமார் 90 சதவீதத்தினர் குழந்தைப் பருவத்தில் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளானவர்கள் என்று அந்தக் கையேடு குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் ஒரு சிறிய சமூக ஆய்வில் பெரியவர்களில் 1.5 சதவீதத்தினரிடம் இந்த நிலை காணப்பட்டது.

நோயை அடையாளம் காண்பதில் பெரிய இடையூறு, அதைப் பற்றி மக்கள் மனத்தில் பதிந்துள்ள சித்திரம். 2005இல் அடுத்தடுத்து வெளிவந்த ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் தமிழர்களுக்கு இந்நோயை அறிமுகம் செய்தன. அறிமுகம் செய்த வேகத்திலேயே தவறாகவும் பதியவைத்தன. திரையில் ஆளுமை மாறினால் கண் உருளும், குரல் உறுமும், கொலை விழும். மருத்துவமனையில் காண்பது வேறு. பெரும்பாலான நோயாளிகள் தம் நிலையை மறைப்பதிலேயே குறியாக இருப்பவர்கள். மாறுதல் நிகழும்போது எதிரே இருப்பவர் கவனிப்பது ஒரு கணம் நிலைகுத்திய பார்வையையோ, பேச்சின் தொனியில் சிறு மாற்றத்தையோ, சற்றுமுன் பேசிக்கொண்டிருந்த பொருளைத் திடீரென விட்டுவிடுவதையோ மட்டுமே. பிறரைக் கொல்வதைவிடத் தம்மையே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம்தான் இவர்களிடம் மிக அதிகம். புறநோயாளிகளாகச் சிகிச்சை பெறுவோரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்பது அதே கையேடு தரும் கணக்கு.

அறிகுறிகளில் முதன்மையானது காலம் தொலைவது. மதியம் அடுக்களையில் நின்றது நினைவிருக்கும். அடுத்து நினைவு வரும்போது மாலையாகியிருக்கும், வேறொரு தெருவில் நின்றிருப்பார். அலமாரியில் தான் வாங்கிய நினைவே இல்லாத உடை தொங்கும். தன் நோட்டில் தன்னுடையதல்லாத கையெழுத்தில் குறிப்புகள் கிடக்கும். அறிமுகமே இல்லாதவர் வழியில் நிறுத்தி வேறொரு பெயர் சொல்லி உரிமையோடு பேசுவார். நேற்று நீதானே இப்படிச் சொன்னாய் என்று வீட்டார் கேட்கும்போது, சொன்ன நினைவு சற்றும் இல்லாமலே சமாளித்துப் பேசிப் பழகியிருப்பார். இதனால் பொய்யர், நிலையில்லாதவர் என்ற பெயரும் வந்து சேரும். திருமணம், குழந்தை பிறப்பு போன்ற பெரிய நிகழ்ச்சிகள்கூடச் சிலர் நினைவிலிருந்து முழுதாக விடுபட்டிருக்கும்.

அடுத்தது, தன்னிலிருந்து தான் அகன்று நிற்கும் உணர்வு. தன் உடல் பேசுவதையும் நடப்பதையும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது போலவும், கண்ணாடியில் தெரியும் முகம் அந்நியம் போலவும் தோன்றும். தலைக்குள் குரல்கள் கேட்கும். மனச்சிதைவு நோயிலும் குரல் கேட்பதால் இங்கேதான் மருத்துவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். பல ஆளுமைக் கோளாற்றில் குரல்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியவை. அவை தலைக்குள்ளிருந்து வருவதாகவே நோயாளி உணர்கிறார். குழந்தை அழும் குரல், திட்டும் குரல், ஆறுதல் சொல்லும் குரல் என்று ஒவ்வொன்றுக்கும் வயதும் சுபாவமும் உண்டு. புற உலகைப் பற்றிய தெளிவு பெரும்பாலும் கெடுவதில்லை. இவற்றோடு காரணம் தெரியாத தலைவலி, வலிப்பு போலத் தோன்றினாலும் மூளை அலைப்பதிவில் வலிப்பாகப் பதியாத துடிப்புகள், உறக்கமின்மை, பழைய கொடுமை இப்போதே நடப்பதுபோல் மீள்வது ஆகியவையும் சேரும். மனச்சோர்வு என்று சொல்லிச் சிகிச்சைக்கு வருபவரே அதிகம். நினைவு இடைவெளி பற்றி யாரும் கேட்காததால் அவராகச் சொல்வதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்ற பயம் வேறு. 1986இல் உருவான, 28 கேள்விகள் கொண்ட மனவிலகல் அனுபவ அளவுகோல் இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்க உதவுகிறது. அது சந்தேகத்தை எழுப்பும் கருவி மட்டுமே. நோயை உறுதிசெய்ய நீண்ட நேர்காணல் தேவை. குழந்தைகள் கற்பனைத் தோழரோடு பேசி விளையாடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்நோய் எழுப்பும் தத்துவக் கேள்விக்கு ஒரு பழைய பதிவு நல்ல நுழைவாயில். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்துவந்த ஆன்சல் போர்ன் என்பவர், 1887 ஜனவரி 17 அன்று பிராவிடன்ஸ் நகர வங்கியில் 551 டாலர் எடுத்துக்கொண்டு குதிரை டிராமில் ஏறினார். அன்று வீடு திரும்பவில்லை. பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுன் ஊரில் ஏ.ஜே. பிரவுன் என்ற பெயரில் ஒருவர் சிறிய கடையொன்றை வாடகைக்குப் பிடித்து, எழுதுபொருளும் மிட்டாயும் பழமும் விற்று அமைதியாகப் பிழைத்துவந்தார். மார்ச் 14 காலையில் அவர் திடுக்கிட்டு எழுந்து, தான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டார். தன் பெயர் போர்ன் என்றார். கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். வங்கியில் பணம் எடுத்தது அவருக்கு நேற்று நடந்ததாக இருந்தது. 1890இல் தத்துவவாதியும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் அவரை அறிதுயிலில் ஆழ்த்தியபோது பிரவுன் மீண்டும் வெளிப்பட்டார்; போர்னின் வாழ்க்கை தனக்குத் தெரியாது என்றார். இருவரையும் ஒன்றாக்க ஜேம்ஸ் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. இன்றைய மருத்துவம் இதை மறதிப் பயணம் என்று வகைப்படுத்தும். பல ஆளுமைக் கோளாற்றுக்கு நெருங்கிய உறவு. ஜேம்ஸின் பதிவில் எளிதில் கண்ணில் படாத ஒரு செய்தி இருக்கிறது. பிரவுனாக இருந்த நாட்களில் அவர் ஒரு ஜெபக் கூட்டத்தில் எழுந்து பேசினார்; கேட்டவர்கள் மெச்சினார்கள். அந்தப் பேச்சில் அவர் எடுத்துச்சொன்ன ஒரு நிகழ்ச்சி, போர்னாக இருந்தபோது அவர் கண்ணால் கண்டது. போர்னை அறியாத பிரவுன், போர்ன் கண்டதைச் சொல்லிவிட்டார். கண்டது உள்ளே இருந்தது. அதைக் கண்டவர் யார் என்பதுதான் இல்லாமல் போயிருந்தது.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இப்படியொரு நிலையைக் கற்பனையாக எழுதிப் பார்த்திருந்தார். ஓர் உடலில் பகலில் ஒரு பிரக்ஞை, இரவில் இன்னொரு பிரக்ஞை. ஒன்று மற்றொன்றை அறியாது. அப்படியானால் அங்கே இருப்பது ஓர் ஆளா, இரண்டு ஆளா? ஆள் என்பதன் ஒருமையைத் தருவது உடலோ ஆன்மாப் பொருளோ அல்ல, தொடரும் பிரக்ஞையே என்பது அவர் கொள்கை. எனவே இரண்டு ஆள் என்பதே அவர் விடை. இளவரசனின் ஆன்மா தன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவரின் உடலில் புகுந்தால் அங்கே இருப்பவர் இளவரசரே என்றும், ஊராருக்கு மட்டும் அவர் பழைய தொழிலாளியாகவே தெரிவார் என்றும் எழுதினார்.

லாக்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்ச் சைவ மரபு இந்தச் சோதனையைக் கதையாக நடத்திப் பார்த்துவிட்டது. பெரியபுராணம் சொல்லும் திருமூலர் வரலாற்றில், கயிலையிலிருந்து வந்த சிவயோகி ஒருவர் காவிரிக் கரையில் இறந்து கிடந்த சாத்தனூர் இடையன் மூலனையும், அவனைச் சுற்றி நின்று கதறும் பசுக்களையும் கண்டார். தம் உடலை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடலில் புகுந்தார். பசுக்கள் துயர் தீர்ந்தன. மாலையில் மூலனின் மனைவி வந்து அழைத்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகினார். அவள் ஊராரிடம் முறையிட, அவர்கள் வந்து பார்த்து, யோகத்தில் அமர்ந்திருப்பவர் மூலன் அல்லர் என்று முடிவு செய்தார்கள். லாக்கின் ஊராருக்கு வாய்க்காத கூர்மை சாத்தனூராருக்கு வாய்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் பரகாயப் பிரவேசத்தைப் பல ஆளுமைக் கோளாற்றின் முன்வடிவம் என்று சொல்லிவிட முடியாது. மூலன் இறந்துபோனவன்; யோகி தம் நினைவை ஒரு கணமும் இழக்காதவர். அங்கே குடியிருப்பவர் ஒருவரே, மாறியது உடல்தான். நோயில் உடலும் மாறவில்லை, குடியிருப்பவரும் வெளியேறவில்லை. உள்ளே உள்ள ஒருவரே தம்மைத் தாமென்று அறிய முடியாமல் நிற்கிறார்.

இந்த இடத்தில் இந்திய மரபின் ஒரு பழைய வாதம் உதவுகிறது. கண்ணால் கண்ட பொருளைக் கையால் தொட்டு, கண்டதையே தொடுகிறேன் என்று ஒருவர் அறிகிறார். கண்ணுக்குத் தொடத் தெரியாது, கைக்குக் காணத் தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்து அறியும் ஒரு பொருள், ஆன்மா, உண்டு என்கிறது நியாய சூத்திரம். ஒருவர் கண்டதை வேறொருவர் நினைவுகூர முடியாது என்பது அந்த மரபினர் எடுத்துவைக்கும் துணைக் காரணம். ஆளுமை நிலைகள் ஒன்றை ஒன்று அறியவே இல்லை என்றால், நியாயவாதி அந்த உடலுக்கு இரண்டு ஆன்மாக்களை ஒப்புக்கொள்ள நேரும். ஆனால் போர்ன் கண்டதைப் பிரவுன் சொன்னார். நெதர்லாந்தில் ரஃபாயேல் ஹன்ட்யென்ஸும் அவருடைய குழுவினரும் 2000களில் நடத்திய சோதனைகள் இதையே ஆய்வுக்கூடத்தில் காட்டின. ஓர் ஆளுமை நிலையில் இருக்கும்போது நோயாளிக்குச் சொற்களைக் கற்பித்துவிட்டு, அவற்றைக் கற்றதே தெரியாது என்று சொல்லும் இன்னொரு நிலையில் மறைமுகமாகச் சோதித்தார்கள். அந்தச் சொற்கள் அங்கேயும் பதிந்திருந்ததை விடைகள் காட்டிக்கொடுத்தன. நோயாளிகள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. செய்தி சுவரைத் தாண்டிப் போகிறது. இது எனக்கு நடந்தது என்ற உரிமை மட்டும் போகவில்லை. லாக் வைத்த அளவுகோல் இங்கே வளைந்துவிடுகிறது. உடைந்தது நினைவுக் களஞ்சியம் என்றால் ஆள் இரண்டு என்று எண்ணலாம். உடைந்தது நினைவின்மேலான உரிமை என்றால் ஆள் ஒருவரே, தம் வாழ்வின் ஒரு பகுதியைத் தமதென்று ஏற்க முடியாதவர். இந்நோயாளிக்கு இருப்பது ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமை அல்ல, ஒன்றுக்கும் குறைந்த ஆளுமையே என்ற கருத்து மருத்துவர்களிடையே வேரூன்றியது இதனால்தான்.

சைவ சித்தாந்தத்தின் பார்வை இதற்கு வியக்கத்தக்க அளவு அணுக்கமாக நிற்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா அல்ல. அமைச்சர்களைக் கொண்டு ஆளும் அரசன்போல ஆன்மா அவற்றோடு கூடி நின்று நனவு, கனவு முதலான ஐந்து அவத்தைகளை அடைகிறது என்று மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் சொல்கிறது. ‘நான்’ என்று எழுவது அகங்காரத்தின் வேலை. இந்தக் கணக்கில், ‘நான்’ பலவாக எழுவது கருவிகளில் நேர்ந்த கோளாறு. ஆன்மா ஒன்றாகவே இருக்கிறது. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு என்ற கோட்பாடும் இங்கே பொருந்தும்: எந்தக் கருவியைச் சார்கிறதோ அதன் நிறமே தன் நிறமாக அது விளங்குகிறது. இது சோதித்து நிறுவக்கூடிய விளக்கம் அல்ல. ஆனாலும் நோயாளியைப் பல பேராக எண்ணிவிடாமல் பல நிலைகளையும் மெய்யென்று ஒப்புக்கொள்ள இது இடம் தருகிறது. லாக்கின் கொள்கைக்கு அந்த நெகிழ்வு இல்லை.

பௌத்தர்கள் கேள்வியையே புரட்டிப்போடுவார்கள். நிலையான ‘நான்’ என்று எதுவுமில்லை, காரணகாரியத் தொடராக ஓடும் கந்தங்களின் (உடல், உணர்வு முதலான கூறுகளின்) சேர்க்கையே உண்டு என்பவர்களுக்கு ஆன்மா ஒன்றா இரண்டா என்ற சிக்கல் எழாது. ஆனால் அனாத்ம ஞானமும் இந்த நோயும் ஒன்றல்ல. துறவி ‘நான்’ என்ற பற்றை அறிந்து கைவிடுகிறார். அவருடைய நினைவுத் தொடர் அறுவதில்லை. நோயாளியிடம் தொடர் அறுபடுகிறது, பற்றோ ஒன்றுக்குப் பலவாகப் பெருகி ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியே இறுகுகிறது. இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. தன்னிலிருந்து அகன்று நிற்கும் உணர்வை ஆன்மிக முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டு தீவிரத் தியானத்தில் இறங்கும்போது, பழைய அதிர்ச்சியைச் சுமக்கும் சிலருக்கு மனவிலகல் கூடிவிடுகிறது.

ஆவி, தெய்வம், அருள் என்ற சொற்களோடு வாழும் சமூகங்களில் இந்நோய் வேறு உடை உடுத்தி வருகிறது. அமெரிக்க நோயாளியின் ஆளுமை நிலை ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லும் இடத்தில், இங்குள்ளவரின் ஆளுமை நிலை இறந்துபோனவரின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ சொல்லக்கூடும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியல், பல ஆளுமைக் கோளாற்றிலிருந்து ஆவேச நிலைக் கோளாற்றைப் பிரித்துத் தனி நோயாக வைத்திருக்கிறது. தன் அடையாளம் மறைந்து வெளியிலிருந்து வந்த ஒன்று தன்னை ஆட்கொண்டதாக உணர்வது அதன் குறி. சமய வழக்கத்தின் பகுதியாக நிகழ்வதை அந்தப் பட்டியலும் விலக்கிவிடுகிறது.

அந்த விலக்கு எங்கே பொருந்தும் என்பதற்குத் தென்மாவட்டக் கொடை விழாக்களைவிடத் தெளிவான இடம் இல்லை. சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவது விழா நாளில், கோயில் எல்லைக்குள், மேளமும் குலவையும் கூடிய வேளையில். விரதம் இருந்து அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்கிறார். ஊர் அவரிடம் குறி கேட்கிறது. சாமி மலையேறியதும் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வயலுக்கோ கடைக்கோ போகிறார். ஆடியபோது பேசியது நினைவில்லை என்று அவர் சொன்னாலும், அந்த மறதிக்கு ஊர் அறிந்த இடமும் நேரமும் உண்டு. அவருடைய வாழ்க்கையை அது குலைப்பதில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் நிலை வேறு. அழைக்காமல் வருகிறது, எங்கும் வருகிறது; வந்தது அவளை வருத்துகிறது. அனுபவம் எவ்வளவு விசித்திரமானது என்பதை வைத்து நோயையும் வழிபாட்டையும் பிரிக்க முடியாது. ஆயத்தம், எல்லை, மீட்சி, வருத்தம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலும் எப்போதும் கைகொடுப்பதில்லை. இலங்கையில் கதிர்காமத்துச் சடைமுடித் துறவியரைப் பற்றி கணநாத் ஒபயசேகர 1981இல் எழுதிய நூல் காட்டுவதுபோல, வருத்தமாகத் தொடங்கிய ஆவேசமே பின்னாளில் ஒருவரைச் சமூகம் மதிக்கும் பக்தராக ஆக்கிவிடுவதும் உண்டு.

வந்திருப்பது யார் என்று கண்டறிவதில் நேரும் பிழையைத் தமிழ் இலக்கியம் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறது. மெலிந்து வாடும் மகளைக் கண்டு தாய் கலங்கி வேலனை அழைக்கிறாள். வேலன் வெறியாடி, இது முருகன் அணங்கியதால் வந்தது என்கிறான். உண்மைக் காரணம் மலைநாட்டுத் தலைவன்மேல் கொண்ட காதல் என்பது தோழிக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். குறிஞ்சித் திணைப் பாடல்கள் பலவற்றின் நகை இதில்தான் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபொகோவ் 2000இல் வெளியிட்ட நூலில், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலர் புதிதாக மணமான பெண்கள். பிடித்த பேய்களோ அகால மரணம் அடைந்த ஆண்கள். புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாதவள் சொல்ல வேண்டியதைப் பேய் சொல்கிறது. அவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று ஆகிவிடாது. ஆனால் “நீ யார், எங்கே பிடித்தாய், என்ன வேண்டும்” என்று உடுக்கை ஒலியில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் விடையில் அந்தப் பெண்ணின் வாழ்க்கைச் செய்தி இருக்கக்கூடும். பேயை விரட்டும் அவசரத்தில் அந்தச் செய்தியையும் சேர்த்து விரட்டிவிடுவதே சடங்கின் குறை.

நோயே கிடையாது, மருத்துவர்கள் உண்டாக்கியது என்ற வாதமும் உண்டு. 1973இல் வெளிவந்த ‘சிபில்’ என்ற நூல் 16 ஆளுமைகள் கொண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லிப் பெரும்புகழ் பெற்றது. அதுவரை அரிதாகப் பதிவான நோய், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் கண்டறியப்பட்டது. அந்தப் பெண்ணே 1958இல் தன் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், ஆளுமைகள் எல்லாம் தான் நடித்தவை என்று ஒப்புக்கொண்டிருந்ததைப் பத்திரிகையாளர் டெபி நேதன் 2011இல் வெளிக்கொணர்ந்தார். மருத்துவர் அதை நோயின் மறுப்பு என்று ஒதுக்கியிருந்தார். அறிதுயிலும் தூண்டும் கேள்விகளும் இல்லாத நினைவை உண்டாக்கக்கூடும் என்பதில் இன்று ஐயமில்லை. நிக்கலஸ் ஸ்பானோஸ் போன்றவர்கள் இந்நோயே சமூகம் கற்றுக்கொடுத்த வேடம் என்றார்கள். ஒரு வகைப்பாடு உருவானதும் மனிதர்கள் அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்கிறார்கள் என்று இயன் ஹாக்கிங் 1995இல் தத்துவ நிலையில் இதை விளக்கினார். மறுபக்கம், சிமோன் ரைண்டர்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்வில், கற்பனைத் திறன் மிக்கவர்களை ஆளுமை மாற்றத்தை நடிக்கச் சொன்னபோது அவர்கள் மூளையில் நோயாளிகளிடம் கண்ட மாற்றங்கள் தோன்றவில்லை. நோயாளிகள் எண்ணிக்கை சிறிது. வழக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நோயின் வடிவத்தைப் பண்பாடு தருகிறது என்பதால் நோயே பொய்யாகிவிடாது. அமெரிக்கருக்கு ‘சிபில்’ தந்த வடிவத்தை, தமிழருக்கு முன்பு பேய்க்கதை தந்தது, பின்பு திரைப்படம் தந்தது. உள்ளே இருந்த காயம் இவற்றில் எதுவும் தந்ததல்ல.

ஆளை எப்படி எண்ணுவது என்ற கேள்வி நீதிமன்றத்தில் கூர்மையாகிறது. 1978இல் ஓஹையோ மாநிலத்தில் பில்லி மில்லிகன் பாலியல் வன்முறைக் குற்றங்களிலிருந்து இந்நோயின் பேரில் விடுவிக்கப்பட்டு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1982இல் அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் எதிர்நிலை எடுத்தது: ஓட்டியது வேறு ஆளுமை என்றாலும், அந்த வேளையில் ஓட்டியவர் உணர்வோடு இருந்தாரா என்பதே கேள்வி என்றது. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, செய்யும்போது செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவராக ஒருவர் இருந்தாரா என்றே கேட்கிறது. எந்த ஆளுமை செய்தது என்று கேட்கவில்லை. சமயத்தில் பாவமன்னிப்பு, நேர்த்திக்கடன், துறவு உறுதி எல்லாம் இதே சிக்கலுக்கு உள்ளாகின்றன. ஒரு நிலையில் செய்த நேர்தல் இன்னொரு நிலையைக் கட்டுமா? ஆள் ஒருவரே என்ற முடிவிலிருந்து பார்த்தால் கட்டும் என்று சொல்லலாம். ஆனால் அறிந்து ஏற்காத கடனைத் தெய்வமும் கேட்பதில்லை என்று சொல்ல எந்தச் சமயத்திலும் இடம் உண்டு.

சிகிச்சையின் அடிப்படை உரையாடல். இந்நோய்க்கென்று தனி மருந்து இல்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தரப்படும். உளச்சிகிச்சை மூன்று கட்டமாக நடக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே நூறாண்டுக்கு முன்பே வகுத்த வரிசை அது. முதலில் பாதுகாப்பு: தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்தலும் தணிய வேண்டும், வன்முறை இன்னும் தொடரும் வீடாக இருந்தால் அங்கிருந்து விலக வேண்டும். அதற்குப் பிறகே பழைய அதிர்ச்சியைச் சிறிது சிறிதாக எடுத்துப் பார்ப்பது. கடைசியாக நிலைகளை இணைப்பது. இந்த வரிசையை மாற்றி முதலிலேயே கடந்த காலத்தைக் கிளறினால் நிலை மோசமாகும். எல்லாரிடமும் முழு இணைப்பு கைகூடுவதில்லை. நிலைகள் ஒன்றை ஒன்று அறிந்து ஒத்துழைக்கும் அளவுக்கு வந்தாலே பலருக்கு வாழ்க்கை சீராகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை இது.

வீட்டார் உதவ வேண்டுமென்றால் எந்த நிலை உண்மையானவர் என்று தேடாமலிருப்பது நல்லது. மாறிய நிலையை மிரட்டுவதும், வேடிக்கை பார்ப்பதும், திரும்ப வரவழைத்துப் பிறருக்குக் காட்டுவதும் பிளவை ஆழப்படுத்தும். வற்புறுத்திச் செய்யும் பேயோட்டலும் அதையே செய்கிறது. தன்னுள் இருக்கும் ஒரு பகுதி தீயது, விரட்டத் தக்கது என்ற எண்ணத்தை, ஏற்கெனவே துண்டாகக் கிடக்கும் மனத்தில் அது ஊன்றிவிடுகிறது. கோபம் நிறைந்த நிலைதான் பெரும்பாலும் குழந்தையாக இருந்தபோது அடியைத் தாங்கிக்கொண்ட நிலை. விரட்டினால் அது போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. விருப்பத்தோடு செய்யும் வழிபாடும் விபூதியும் வேறு வகை; நோயாளிக்கு அவை ஆறுதல் என்றால் மருத்துவர் தடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் மருத்துவமும் வழிபாடும் ஒன்றையொன்று ஒதுக்கியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி இயங்கிய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் உயிரிழந்தார்கள்.  பின்னர் அதே தர்காவில் மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்களை அமர்த்தியது. தொழ வருபவர் தொழுதபடியே சிகிச்சையும் பெறலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடைசெய்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் தொடக்க ஆலோசனை கிடைக்கும். அங்கே பேசும்போது மனச்சோர்வு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், தொலையும் நேரத்தையும், நினைவில்லாமல் நடந்தவற்றையும், தலைக்குள் கேட்கும் குரல்களையும் தேதியோடு குறித்துவைத்துச் சொல்வது நோயை அடையாளம் காணும் காலத்தைப் பெரிதும் குறைக்கும்.